கயிலாயம் போகிறீர்களா? அவசரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்!

பழைய தென்னாற்காடு ஜில்லாவில் பிறந்து கயிலாயத்துக்குக் கிளம்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பண்ருட்டி பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர். இன்னொருவர் திருநாவலூரில் பிறந்த சுந்தரர். சுந்தரருக்கு வெள்ளை யானையே வாகனமாக வந்தது. ஏறி உட்கார்ந்தார், போய்ச் சேர்ந்தார். அப்பர் நடந்தார். பாதம் தேய்ந்ததும் கையால் தவழ்ந்தார், பிறகு மார்பால் ஊர்ந்தார், கடைசியில் புரண்டே போனார் என்கிறது பெரிய புராணம். அப்படியும் மலையை எட்ட முடியவில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற நமக்கு வெள்ளை யானை வரப்போவதில்லை. பஸ், ரயில், விமானம், ஹெலிகாப்டர், ஜீப், கடைசியில் குதிரை என்று வரிசையாக வாகனங்கள் வரும். எல்லாம் வேகமாகப் போகக்கூடியவை. சிக்கலே அதுதான். வாகனம் போகிற வேகத்துக்கு உடம்பு போகாது!

வீட்டில் பேச்சு எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா?

"ஏங்க, எதிர்வீட்டுக்காரங்க மானசரோவர் போறாங்களாம். ஹெலிகாப்டர்லயே கொண்டுபோய் விட்டுடுறாங்களாம். பத்தே நாளாம்!"

"பத்து நாள்னா லீவு போட்டுடலாமே. பேர் குடுத்துடு."

தப்பு இங்கேதான் தொடங்குகிறது. யாத்திரைக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறோம். உடம்புக்கு எத்தனை நாள் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

விழுப்புரம் கடல் மட்டத்துக்கு மேலே ஐம்பது மீட்டர்கூட இல்லை. மானசரோவர் ஏரி சுமார் 4,590 மீட்டர். கயிலாயத்தைச் சுற்றி வரும் பரிக்கிரமாவில் நீங்கள் தாண்ட வேண்டிய டோல்மா கணவாய் சுமார் 5,630 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனும் பாதிதான். இந்தப் பாதி மூச்சுக்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்ளும். வேகமாக மூச்சு வாங்கும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிக்கட்டும், நாளாக நாளாக ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். எல்லாவற்றுக்கும் நாள் வேண்டும். பணத்தைக் கொடுத்து இந்த நாளை வாங்க முடியாது.

எந்த வழி நல்ல வழி?

நம் வெளியுறவு அமைச்சகம் 1981 முதல் இந்த யாத்திரையை நடத்துகிறது. 2020-ல் கொரோனாவோடு நின்றுபோனது, ஐந்து வருஷம் கழித்து 2025 ஜூனில் மறுபடி ஆரம்பமானது. அரசு வழி இரண்டு. உத்தராகண்ட் பக்கம் லிபுலேக் கணவாய் ஒன்று. சிக்கிம் பக்கம் 2015-ல் திறந்த நாதுலா இன்னொன்று. 2025-ல் இரண்டிலுமாக 750 பேருக்கு இடம் ஒதுக்கினார்கள். லிபுலேக் வழிக்கு சுமார் 1 லட்சத்து 74 ஆயிரம், நாதுலாவுக்கு சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய் என்று அந்த வருஷம் அறிவித்தார்கள். விண்ணப்பம் இன்டர்நெட்டில்தான். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது கம்ப்யூட்டர் குலுக்கல். வயது 18-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும். மொத்தத்தில் மூன்று வாரத்துக்குக் குறையாமல் ஆகும்.

"மூன்று வாரமா?" என்று மலைக்காதீர்கள். அந்த மூன்று வாரத்தில்தான் இந்த வழியின் நன்மையே இருக்கிறது. டெல்லியிலேயே முதலில் சில நாள் தங்கவைத்து உடம்பைப் பரிசோதிக்கிறார்கள். பிறகு மலையில் ஏறியதும் நடுவழியில் நிறுத்தி, உடம்பு பழகட்டும் என்று காத்திருக்கிறார்கள். லிபுலேக் வழியில் குஞ்சி என்ற ஊரில் இந்தோ திபெத் எல்லைப் போலீஸ் டாக்டர்கள் மறுபடியும் பார்க்கிறார்கள். அங்கே 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். டெல்லியில் தேறியவர் குஞ்சியிலிருந்து திரும்பி வருவதும் உண்டு. அழுகை வரும். ஆனால் அந்த டாக்டர் உங்களுக்கு எதிரி இல்லை.

ஒரு காலத்தில் லிபுலேக் வழியில் நாள் கணக்காக நடக்க வேண்டியிருந்தது. 1998 ஆகஸ்டில் மால்பா என்ற இடத்தில் நள்ளிரவில் மலை சரிந்து, யாத்திரைக் கோஷ்டியில் 60 பேர் உட்பட 200-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். இன்றைக்குச் சாலை வந்துவிட்டது. இரண்டு வழியிலும் நடை ரொம்பக் கம்மி. இதில் வசதி இருக்கிற மாதிரியே ஒரு கெடுதலும் இருக்கிறது. நடந்து போனவன் உடம்பு தன்னையறியாமல் மெல்ல மெல்லப் பழகியது. ஜீப்பில் போகிறவனுக்கு அது இல்லை. அதனால் 'இங்கே ஒரு நாள் ஓய்வு' என்று கோஷ்டித் தலைவர் சொன்னால், 'சும்மா உட்கார வைக்கிறாங்களே' என்று முணுமுணுக்காதீர்கள். அந்த நாள்தான் மருந்து.

தனியார் டிராவல்ஸ் மூலம் போகிறவர்கள் பெரும்பாலும் நேபாளம் வழியாகப் போகிறார்கள். அதிலும் இரண்டு வகை. காத்மாண்டுவிலிருந்து கேருங், சாகா என்று பஸ்ஸில் போவது ஒன்று. நேபாள்கஞ்ச், சிமிகோட், ஹில்சா என்று சின்ன விமானமும் ஹெலிகாப்டரும் மாறிப் போவது மற்றொன்று. பத்து நாள், பதினோரு நாள் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னது இதைத்தான்.

ஹெலிகாப்டர் வழியின் உயரங்களைப் பாருங்கள். நேபாள்கஞ்ச் சுமார் 150 மீட்டர். சிமிகோட் சுமார் 2,900. ஹில்சா 3,600-க்கு மேல். காலையில் நம் ஊர் மாதிரி வெயில் கொளுத்தும் சமவெளியில் டிபன் சாப்பிட்டவர், எல்லாம் சரியாக நடந்தால் அன்று மாலையே அவ்வளவு உயரத்தில் இருப்பார். 'சரியாக நடந்தது' என்று டிராவல்ஸ்காரர் சந்தோஷப்படுவார். உடம்பு சந்தோஷப்படாது. பஸ் வழியிலும் இதே கதைதான். சுமார் 2,800 மீட்டரில் இருக்கிற கேருங்கிலிருந்து ஒரே நாளில் சுமார் 4,500 மீட்டர் சாகாவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள்.

மலை மருத்துவம் படித்தவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று இரவு படுக்கிற இடம் நேற்று இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு தரம் ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, படுக்கிற உயரம்தான் கணக்கு. மேலே சொன்ன எந்தத் தனியார் வழியும் இந்தக் கணக்குக்குள் முழுசாக அடங்காது. அதனால் கூடுதல் இரவு எங்கெங்கே கிடைக்கும் என்று பார்த்து வாங்குவதுதான் உங்கள் சாமர்த்தியம்.

டிராவல்ஸ் ஆபீஸில் சாப்பாடு சைவமா, ரூமில் அட்டாச்டு பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், ஒரு தாளை எடுத்து நாள் வாரியாக 'எந்த ஊரில் படுக்கிறோம், உயரம் என்ன' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதித் தராத ஆபீஸில் பணம் கட்டாதீர்கள். கேருங்கிலோ புராங்கிலோ இரண்டு இரவு உண்டா? கோஷ்டியோடு ஆக்ஸிஜன் சிலிண்டர் வருமா? மலைநோய் வந்தவரை உள்ளே வைத்துக் காற்றடிக்கிற அழுத்தப் பை வைத்திருக்கிறார்களா? ஒருவர் மட்டும் பாதியில் கீழே இறங்க வேண்டியிருந்தால் கூட யார் வருவார், வண்டிச் செலவு யார் தலையில்? இந்தக் கடைசிக் கேள்வியை அழுத்திக் கேளுங்கள். திபெத்துக்கு விசா கோஷ்டிக்கு மொத்தமாக ஒரே தாளில் வருகிறது. எல்லோரும் சேர்ந்து நுழைந்து சேர்ந்து வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் ஒருவர் மட்டும் திரும்புவது காகித வேலை உள்ள சமாச்சாரம். அதற்குத் தயாராக இருக்கிற ஆள் உங்களுக்கு வேண்டும்.

ஊரிலிருந்து டெல்லி வரை

விழுப்புரத்துக்காரர்களுக்கு ஒரு சவுகரியம். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தில் நின்று போகிறது. தினசரி வண்டி இல்லை, அதனால் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.  மூட்டை முடிச்சோடு வண்டி மாறாமல் போகலாம் என்பது பெரிய விஷயம்.

திண்டிவனத்துக்காரர்கள் விழுப்புரம் வந்து ஏறலாம், நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அல்லது சென்னை போய் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். அப்படியானால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். நம் பக்கத்து ரயில்கள் எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ போகும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் கிளம்பும். பஸ்ஸில் போனாலோ, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து நம் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. கோயம்பேடு என்று பழைய ஞாபகத்தில் கணக்குப் போட்டால் வண்டி போய்விடும். கிளாம்பாக்கத்திலிருந்து சென்ட்ரலுக்கு வேறு வண்டி பிடித்து, பட்டணத்து நெரிசலில் நீந்த வேண்டும். இரவு ரயிலுக்குக் காலை டிபன் முடித்ததும் கிளம்புங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு மின்சார ரயில் உத்தமம். தாம்பரம் வரை ரயிலில் வந்து, அங்கே புறநகர் ரயிலுக்கு மாறினால் திரிசூலம் ஸ்டேஷன் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. நெரிசலில் கார் மாட்டிக்கொண்ட கவலை இல்லை.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழையபடி நாலு மாதம் முன்பு என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம், ஆனால் அறுபதாவது நாள் காலையில் மறக்கவும் வேண்டாம்.

திரும்பி வரும் டிக்கெட்டில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 'பத்தாம் தேதி காத்மாண்டு, பதினோராம் தேதி டெல்லி, பன்னிரண்டாம் தேதி ஆபீஸ்' என்று போட்டுவிடுகிறார்கள். 2018 ஜூலையில் என்ன நடந்தது? மழையும் மேகமும் சூழ்ந்து ஹெலிகாப்டர் பறக்க முடியாமல், சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் வெள்ளம் வந்து நேபாளம், திபெத் எல்லையில் ரசுவாகடியில் இருந்த பாலத்தையே அடித்துக்கொண்டு போய்விட்டது. பாலம் போன பிறகு உங்கள் கன்ஃபர்ம் டிக்கெட்டை யாரிடம் காட்டுவது?

ஆகவே திரும்புகிற பக்கம் குறைந்தது நாலு நாள் சும்மா விடுங்கள். அந்த நாலு நாளுக்கான மாத்திரை, அந்த நாலு நாளுக்கான பணம், இரண்டும் தனியாக இருக்கட்டும். பிரஷர் மாத்திரையைப் பதினோரு நாளுக்குப் பதினொன்று என்று எண்ணி எடுத்துப்போனால், சிமிகோட்டில் பன்னிரண்டாவது மாத்திரைக்கு எங்கே போவது? இரட்டிப்பாக வாங்குங்கள். பாதி உங்கள் பையில், பாதி வீட்டுக்காரர் பையில்.

முதலில் டாக்டர், பிறகுதான் பாஸ்போர்ட்

பலர் பாஸ்போர்ட் எடுத்து, முன்பணம் கட்டி, ஸ்வெட்டரும் வாங்கிய பிறகு டாக்டரிடம் போகிறார்கள். 'போகலாம்தானே டாக்டர்?' என்று கேட்கிற தொனியிலேயே 'போகலாம்' என்ற பதிலைக் கெஞ்சுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஆறு மாதம் முன்பே, ஒரு பைசா கட்டுவதற்கு முன்பே போங்கள். விழுப்புரத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் கைக்கெட்டும் தூரம்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், நெஞ்சு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., நடக்கவைத்துப் பார்க்கும் ட்ரெட்மில் சோதனை, நுரையீரல் ஊதிப் பார்க்கும் சோதனை. இவ்வளவும் அரசு யாத்திரைக்குக் கேட்கிற ரகம். தனியாரில் கேட்காவிட்டாலும் நீங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். அரசு யாத்திரையில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் வரக்கூடாது என்கிறார்கள். உடல் எடைக் குறியீடு 25-ஐத் தாண்டக்கூடாது. உங்கள் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம் என்றால் எடை 68 கிலோவுக்குள். அதற்கு மேல் இருந்தால் ஆறு மாதம் இருக்கிறதே, இன்றைக்கே இரவுச் சோற்றில் கை வையுங்கள்.

தனியாரில் வயதும் எடையும் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. 'அரசாங்கம் வேண்டாம்னுச்சு, டிராவல்ஸ் சரின்னுட்டாங்க' என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. டோல்மா கணவாய் இரண்டு பேருக்கும் ஒரே உயரம்தான்.

பாஸ்போர்ட் விஷயம் சுருக்கமாக. அரசு யாத்திரைக்கு அந்த வருஷம் செப்டம்பர் 1-ம் தேதியிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். நேபாளத்துக்குள் வாக்காளர் அடையாள அட்டையோடு போய்விடலாம், திபெத்துக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் வைத்துக்கொள்கிற நமக்குத்தான் இந்தத் தொல்லை!

செஞ்சிக் கோட்டைதான் உங்கள் ஜிம்

பயிற்சிக்கு நம் பக்கம் மாதிரி வசதி வேறு யாருக்கும் இல்லை. தினம் காலை 4 கிலோமீட்டர் நடையில் ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் 8 கிலோமீட்டர் ஆக்குங்கள். மாதம் ஒரு முறை திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம். பவுர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில் விடியற்காலையில் உங்கள் நடையில் நடக்கலாம். கிரிவலம் உங்கள் காலின் நீளத்தைச் சோதிக்கும். ஆனால் அது சமதளம். ஏற்றத்துக்கு என்ன செய்வது?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்குங்கள், செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராட்டியர் கோட்டைகளில் நம் செஞ்சியும் ஒன்று. அங்கே ராஜகிரி சுமார் 800 அடி. காலையில் திறந்ததும் ஏறுங்கள். தண்ணீர் எடுத்துப்போங்கள், பழத்தைக் கையில் காட்டாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். முதல் மாதம் வெறுங்கையோடு. அடுத்த மாதம் முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கம்பளி. பிறகு ஐந்து கிலோ. யாத்திரைக்கு வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். புது ஷூ காலைக் கடிக்கிறதா என்று செஞ்சியில் தெரிந்துகொள்ளலாம், திராபுக்கில் தெரிந்துகொள்ளக் கூடாது. இறங்கும்போது முட்டி வலிக்கிறதா என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். டோல்மா கணவாயின் மறுபக்க இறக்கத்தில் குதிரைக்குப் பணம் கொடுத்தவரும் இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

பரிக்கிரமா மொத்தம் சுமார் 52 கிலோமீட்டர், மூன்று நாள். முதல் நாள் திராபுக் வரை நிதானமான நடை. மூன்றாம் நாளும் சிரமம் இல்லை. இரண்டாம் நாள்தான் ஆளைப் பார்க்கும். இருட்டில் கிளம்பி, 600 மீட்டருக்கு மேல் ஏறி, கணவாயைத் தாண்டி, இறங்கி, மறுபடி நெடுந்தூரம் நடந்து சுதுல்புக் போய்ச் சேர வேண்டும். நம் கணக்கில் சொன்னால், இரண்டரை ராஜகிரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாதி மூச்சில் ஏறுவது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் தினம் ஏறினாலும் மலைநோய் வராது என்று அர்த்தம் இல்லை. பயிற்சி காலுக்கும் இதயத்துக்கும்தான். மெல்லிய காற்றுக்கு இங்கே எதுவும் பயிற்சி கிடையாது. ஓடியாடுகிற இளைஞன் வேகமாக ஏறித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதும், அறுபது வயது அம்மா ஆமை மாதிரி நடந்து சிரித்துக்கொண்டே தாண்டுவதும் அங்கே சகஜம்.

"தலைவலிதானே" என்று மறைக்காதீர்கள்

மலைநோய் சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். தலைவலி. கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, தலைச்சுற்றல், தூக்கம் பிடிக்காமை. 'பஸ்ஸில் வந்த களைப்பு' என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். 2,500 மீட்டருக்கு மேல் போன பிறகு வருகிற தலைவலியை, வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு அடிகூட மேலே ஏறக்கூடாது. அங்கேயே தங்கி ஓய்வு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்.

சரியாகாமல் கூடினால், உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, நேர்கோட்டில் விரலுக்கு முன் குதிகாலை வைத்து அடி அடியாக நடக்கச் சொன்னால் குடித்தவர் மாதிரித் தள்ளாடுவது, பேச்சு குழறுவது. மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். இரண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல், சளியில் நுரையோ ரத்தச் சாயலோ. நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகக் கூடியவை. ஆக்ஸிஜன் கொடுக்கலாம், மருந்து கொடுக்கலாம், ஆனால் இறக்கம்தான் வைத்தியம். கடையில் விற்கிற குட்டி ஆக்ஸிஜன் டப்பா சில நிமிஷத்துக்குத்தான் வரும். அதை நம்பி மேலே ஏறாதீர்கள்.

ஆபத்து நோயைவிட மறைப்பதில்தான். "இவ்வளவு பணம் கட்டியாச்சு, சொன்னா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவாங்க" என்று வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் ஜோடியாகக் கவனியுங்கள். கணவன் சொல்ல மாட்டார், மனைவிக்குத் தெரியும். "என்னங்க, சாப்பாட்டை அப்படியே வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிற அந்தக் கேள்விதான் அங்கே முதல் பரிசோதனை. தனியாகப் போகிறவர்கள் ரூம் தோழரிடம் முதல் நாளே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், 'நான் மறைத்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்' என்று.

அசெட்டசோலமைடு என்றொரு மாத்திரை உண்டு. டயமாக்ஸ் என்றால் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். உடம்பு உயரத்துக்குப் பழகுவதை அது துரிதப்படுத்தும். ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. விரல் நுனி மரத்தாற்போல இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஊரிலேயே ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தூக்கம் வரவில்லை என்று அங்கே தூக்க மாத்திரை போடாதீர்கள், அது மூச்சை மந்தமாக்கும். மதுவும் அப்படித்தான்.

தாகம் எடுக்காவிட்டாலும் நாளைக்கு மூன்று லிட்டர் வரை வெந்நீர், சூப், கஞ்சி என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். பசி இருக்காது, வற்புறுத்திச் சாப்பிட வேண்டும். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் இங்கேதான் கை கொடுக்கும். நாக்கு நம் ஊர் ருசியைக் கண்டால் இரண்டு கவளம் கூட இறங்கும்.

மானசரோவரில் முழுகி எழ வேண்டும் என்று ஆசை இருக்கும். அனுமதிக்கிறார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். விடியற்காலையில் அந்தத் தண்ணீரில் தலை நனைத்துக் காற்றில் நின்றால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு வாளியில் மொண்டு, வெந்நீர் கலந்து, தலையில் தெளித்துக்கொண்டு உடனே துடைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையில் ஒரு விஷயம் மட்டும்

கம்பளி, மங்கி குல்லா, மழைக்கோட்டு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் டிராவல்ஸ்காரர்களே பட்டியல் தருவார்கள். அவர்கள் சொல்லாதது, பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் அங்கே காயவே காயாது. உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரைப் பாய்ச்சும். உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட்டு. 'புடவைதான் கட்டுவேன்' என்கிற அம்மாக்களே, அந்த மூன்று நாள் மட்டும் சல்வாருக்கு மாறிக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

பெரிய மூட்டை லாரியிலோ குதிரையிலோ உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ போகும். சில நாள் வராமலும் போகும். எனவே பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு கம்பளி, டார்ச், கொஞ்சம் கடலை மிட்டாய் உள்ள சின்னப் பை எப்போதும் உங்கள் உடம்போடு. குதிரைக்காரரிடம்கூடக் கொடுக்காதீர்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் பேட்டரியும் குளிரில் சண்டித்தனம் செய்யும், சட்டையின் உள்பையில் வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கவர் தயார் செய்யுங்கள். நாள் வாரியாக ஊர்ப் பெயர் எழுதிய அந்தத் தாளின் நகல், பாஸ்போர்ட் நகல், இன்சூரன்ஸ் பாலிசி, டிராவல்ஸ் போன் நம்பர். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்பதற்கும் பணம் தருகிற பாலிசியா, எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். சில பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே செல்லாது. இரண்டு மூன்று நாள் போன் வராது என்று பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இங்கே இருக்கிறவர்களுக்கு பிரஷர் ஏறிவிடும். அரசு யாத்திரையில் ஒரு சம்மதப் பத்திரமும் வாங்குகிறார்கள். சீனப் பகுதியில் உயிர் போனால் அங்கேயே தகனம் செய்யலாம் என்று. அதைத் தனியாகக் கையெழுத்துப் போட்டு மறைத்துவைக்காமல், பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கஷ்டமான பேச்சுதான். கிளம்புவதற்கு முன் பேசிவிடுவது நல்லது.

டிக்கெட், விசா நகல்களைத் திரும்பி வந்த பிறகும் பத்திரமாக வைத்திருங்கள். யாத்திரை முடித்து வந்த தமிழ்நாட்டவருக்கு இந்து சமய அறநிலையத் துறை மூலம் அரசு மானியம் தருகிற திட்டம் இருக்கிறது. விவரத்தை அந்தத் துறையின் விழுப்புரம் அலுவலகத்தில் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டார்சென் வரை போய், 'பரிக்கிரமா வேண்டாம்' என்று டாக்டரோ உங்கள் உடம்போ சொன்னால்? அங்கேயே தங்கிவிடுங்கள். மூன்று நாளில் கோஷ்டி திரும்பி வந்துவிடும். மானசரோவர் கரையிலிருந்தே வானம் தெளிந்தால் கயிலாயம் தெரியும்.

ஆறு மாதம் முன்பு இங்கேயே டாக்டர் வேண்டாம் என்றுவிட்டால்? பாதி வழியில் திரும்பச் சொன்ன அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது திருவையாற்றில். ஆடி அமாவாசை அன்று அங்கே அதைத் திருவிழாவாகவே நடத்துகிறார்கள். விழுப்புரத்திலிருந்து மாயவரம், கும்பகோணம் வழியாகப் போகும் ரயிலில் தஞ்சாவூரில் இறங்கினால், டவுன் பஸ்ஸில் 13 கிலோமீட்டர்தான். அன்றைக்குக் கூட்டம் அதிகம் இருக்கும், முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.